இடப்பக்கம் நின்ற மனிதர்: தம்பின் ரயில் பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பயணத்தைப் பற்றி எழுதுவதற்கு முன், ஐந்து குறைகளைத் தேதியிட்டுப் பதிவு செய்கிறேன்.

1. 12 ஏப்ரல் 1958, சனி. மலாக்காவில் நான் உறுப்பினனாக இருக்கும் படக்கலைச் சங்கத்தின் கண்காட்சிக்காக, நான் எடுத்த ரயில் படம் ஒன்றின் நெகட்டிவை முழுமையாகச் செயலாளர் கையில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டுக்கூடத் தரப்படவில்லை.

2. 3 மே, சனி. அந்த நெகட்டிவின் இடப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு கத்தரிக்கோலால் வெட்டி அகற்றப்பட்டது. வெட்டுமுன் என்னைக் கேட்கவில்லை. வெட்டிய பின் சொல்லவும் இல்லை.

3. 10 மே, சனி. எஞ்சிய பகுதி பெரிதாக்கப்பட்டு, நான் வைக்காத ‘வராத வளையம்’ என்ற தலைப்புடனும், நிலையத்தின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றுடனும் சுவரில் மாட்டப்பட்டது. அதற்கே முதற்பரிசும் அறிவிக்கப்பட்டது.

4. அதே நாள் மாலை. மேடையேறி அந்தக் கோப்பையை நான் வாங்கிக்கொண்டேன். இந்தக் குறை என் மீது.

5. 26 மே, 9 ஜூன். சங்கத்துக்கு இரண்டு பதிவுத் தபால்கள் அனுப்பினேன். இதை எழுதும் ஜூன் 16ஆம் நாள் வரை பதில் இல்லை.

பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை கேமரா வைத்திருக்கும் தமிழன்பர்களுக்கு மாதந்தோறும் போய்ச் சேரும் இச்சுற்றிதழில், பயணக் குறிப்பு எழுதுவது இம்மாதம் என் முறை. மேற்சொன்ன சங்கத்தின் செயற்குழுவினர் ஒன்பது பேரும் இவ்விதழின் வாசகர்கள். ஆகவே ஒரே கட்டுரையில் இரண்டு வேலைகளைச் செய்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். குறைகள் ஐந்தே, நன்றி சொல்ல வேண்டியவை அவற்றைவிட அதிகம். இனி வருவது பெரும்பாலும் நன்றிதான்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. சென்னையில் கணிதம் படித்துப் பட்டம் பெற்று, இங்கே நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு காஜா பெராங்கில், பல தலைமுறைகளாக இவ்வூரிலேயே வாழும் செட்டி மக்களின் கம்பம் என்னும் குடியிருப்பை ஒட்டி. ரயில் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தவன் மலாக்கா ஊரில் குடியிருப்பது பெருங்கொடுமை. இவ்வூருக்கு வந்துகொண்டிருந்த ரயில் பாதையை ஜப்பானியர் காலத்தில் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பப் போடவில்லை. எங்களுக்கு மிக அருகில் ரயில் ஓடும் இடம், இருபத்து நான்கு மைல் வடக்கே உள்ள தம்பின்.

சுதந்திரம் வந்த கையோடு டீசல் எஞ்சின்களும் வந்து இறங்கத் தொடங்கிவிட்டன. நீராவி எஞ்சின்கள் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்று எவரும் உறுதி சொல்வதில்லை. நாட்டுக்கு நல்லது, எனக்கு அவசரம். அதனால்தான் 9 மார்ச் 1958, ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு பிலிம் சுருளோடு கிளம்பினேன். என்னுடையது மடக்குக் கேமரா. ஒரு சுருளில் எட்டுப் படம் விழும். நீளவாக்கில் பெரிய நெகட்டிவ். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதனால்தான் வம்பு வந்தது.

முதல் அதிர்ஷ்டம் ஏழேகால் மணிப் பேருந்தைத் தவறவிட்டது. மஞ்சள் கண்ணாடி வடிகட்டியை மறந்து பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பினேன். பேருந்து குறித்த நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டது. குற்றம் என்னுடையது. தெருமுனையில் மாணிக்கம் பிள்ளை தம் டாக்சியைக் கழுவிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது, செட்டிக் குடும்பத்தவர். வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய்தான். என்னை ‘மாமா’ என்று அழைப்பது போலச் சில தமிழ்ச் சொற்கள் மட்டும் அதில் மிஞ்சியிருக்கின்றன. அவர் மலாயில் பேசியதை இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

“தம்பினுக்கா? ஏறுங்க மாமா. பெண்டாட்டி வீட்டு ஆளுங்க சாயங்காலம் ஆறு மணி ரயில்ல வர்றாங்க. காலையிலயே போயிட்டா, வீட்டுல பந்தல் கட்டச் சொல்ல மாட்டாங்க லா.”

“ஆறு மணி வரை என்ன செய்யப் போகிறீர்?”

“நீங்க என்ன செய்யப் போறீங்களோ அதான். சும்மா நிக்கிறது.”

இரண்டு வெள்ளிக்கு ஒப்புக்கொண்டார். பேருந்தில் ஒரு வெள்ளி இருபது காசு. எண்பது காசு கூடுதல் என்றாலும், அதில் மாணிக்கத்தின் பேச்சும் அடக்கம். 7.50க்குப் புறப்பட்டோம். அலோர் காஜா வழியாகச் சாலை நல்ல நிலையில் இருக்கிறது. சில இடங்களில் பழைய ரயில் பாதையின் மண்மேடு சாலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டு மறுபடி புதருக்குள் போய்விடும். ஓரிடத்தில் அதன் மேல் இரண்டு எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. “முதல் வகுப்பு,” என்றார் மாணிக்கம். 8.45க்குத் தம்பின் நிலையம். நிலையத்தின் பெயர் தம்பின் என்றாலும் அது இருப்பது புலாவ் செபாங்கில். தம்பின் கடைத்தெருவில் இறங்கி விழிக்காதீர்கள்.

அங்கே ஐந்து மணி நேரம் இருந்தேன். ஐந்து படங்களைப் பாழாக்கினேன். முதல் படத்தில், பெட்டிகளை மாற்றிக் கோக்கும் எஞ்சின் நகர்ந்த நொடியில் ஒருவர் குடையை விரித்தார். இரண்டாவதில் ஆவி எல்லாவற்றையும் மூடிவிட்டது. பகல் வண்டியை நீராவி எஞ்சின் இழுத்து வரும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே குறிபார்த்து நின்றேன். பளபளவென்று டீசல் வந்து நின்றது. ஏமாற்றத்தில் அதையும் இரண்டு முறை எடுத்துவிட்டேன். ஐந்தாவதைப் பற்றிச் சொல்வதற்கில்லை. கேமரா மூடியைக் கழற்ற மறந்தேன்.

“மாமா, எங்க கல்யாணத்துக்கு வந்த படக்காரனே ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்டான். அதுவும் நூறு பேரு. நீங்க ஒரு எஞ்சினுக்கு இந்தப் பாடா?”

“உங்கள் மாப்பிள்ளைக் கோலம் மணிக்கு இருபது மைல் வேகத்தில் ஓடவில்லையே.”

“ஓடியிருப்பேன். பிடிச்சு உக்கார வெச்சுட்டாங்க.”

காப்பிக் கடையில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த நிலைய ஊழியர் ஒருவர், நீராவி வேண்டுமென்றால் ஒன்பது மைல் தள்ளியிருக்கும் சிறு நிலையத்துக்குப் போகும்படியும், அங்கே 4.18க்கு ஒரு சரக்கு வண்டி நிற்காமல் கடக்கும் என்றும் சொன்னார். அவர் பெயரைக் கேட்க மறந்தேன். இக்கட்டுரையைப் படித்தால் என் நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தச் சிறு நிலையத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அதைச் சார்ந்த விசாரணை ஒன்று நடக்கவிருக்கிறது.

மாணிக்கம் மேலும் ஒரு வெள்ளிக்கு அங்கே கொண்டுபோய் விட்டார். வழியில் இரண்டரை மணிக்கு மழை பிடித்தது. 3.50 வரை அடித்துக் கொட்டியது. காரிலேயே உட்கார்ந்திருந்தோம். “என்னையாவது ஒண்ணு எடுங்க மாமா, பிலிமு வீணாப் போகுது,” என்று நச்சரித்ததால் ஆறாவது படம் மாணிக்கம், மழை, டாக்சி. ஏழாவது கைகாட்டி மரம். ஒரே ஒரு படம் மிச்சம்.

மழை விட்டதும் பிளாட்பாரத்துக்குப் போனேன். அங்கே காக்கிச் சட்டையில் ஒருவர் பெரிய பிரம்பு வளையம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் முனியாண்டி. அந்த நிலையத்தின் பாயிண்ட்ஸ்மேன். நாற்பத்தொரு வயது, பத்தொன்பது ஆண்டு வேலை. மனைவியும் நான்கு பிள்ளைகளும் நிலையத்துக்குப் பின்னாலுள்ள ரயில்வே குடியிருப்பில் இருக்கிறார்கள்.

அவர் வேலையைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இது ஒற்றைப் பாதை. ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நேரத்தில் ஒரே ரயில்தான் ஓடலாம். அந்த உரிமைக்கு அடையாளம் டோக்கன் என்னும் சிறு உலோகத் துண்டு. அதைத் தோல் பையில் இட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, பாயிண்ட்ஸ்மேன் உயர்த்திப் பிடிப்பார். எஞ்சினில் டிரைவருக்குத் துணையாக நிற்கும் பயர்மேன், ஓடும் வண்டியிலிருந்து சாய்ந்து கையை வளையத்துக்குள் நுழைத்து வாங்கிக்கொள்வார். டோக்கன் கைக்கு வராவிட்டால் வண்டி மேலே போகக் கூடாது.

நான் பிளாட்பாரத்தின் நடுவில் நின்றேன். முனியாண்டி தலையசைத்தார்.

“அங்க நிக்காதீங்கய்யா. அந்த இடத்துல ஆவி அடிக்கும். ஒண்ணும் தெரியாது.”

“வேறு எங்கே?”

“அதோ, அந்த வாளிக்கு ரெண்டு எட்டு அந்தப் பக்கம். வெயிலு இப்ப உங்க முதுகுல விழும். நாலரைக்கு மேல போச்சுன்னா அந்தப் பெரிய மரத்து நெழலு இங்க வந்துரும். எனக்கே அப்ப வளையம் கண்ணுக்குத் தெரியாது.”

“படம் எடுக்கத் தெரியுமா உங்களுக்கு?”

“படமா! பத்தொம்பது வருசமா இங்கயே நிக்கிறேன்யா. வெயிலு எங்க போவுதுன்னு தெரியாதா?”

முப்பது ஆண்டுகளாக ஒளியைப் பற்றிப் புத்தகங்கள் வாங்கிப் படித்திருக்கிறேன். அந்த வாளிக்கு இரண்டு எட்டு அப்பால் நின்றபோது கிடைத்ததை எந்தப் புத்தகமும் கொடுத்ததில்லை. ஈரத் தண்டவாளம் வெள்ளியாக மின்னியது. கூரையிலிருந்து சொட்டிய நீர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

4.21க்கு வந்தது. கறுப்பு எஞ்சின் வலப்பக்கத்தை நிறைத்துக்கொண்டு என்னை நோக்கி வந்து கடந்தது. அதன் பின்புறத்திலிருந்து பயர்மேன் உடல் முழுதும் வெளியே சாய்ந்து கையை நீட்டினார். இடப்பக்கம் முனியாண்டி, ஒரு கால் முன்வைத்து, வளையத்தைத் தோளுக்கு மேல் உயர்த்தி நின்றார். நான் அழுத்தினேன். வினாடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அழுத்தும் நொடியில் எவருக்கும் தெரியாது.

அடுத்து நான் கேட்டது கூச்சல், பிறகு பிரேக்கின் கிறீச்சொலி. வளையம் பயர்மேன் கைக்குப் போகவில்லை. பை தரையில் கிடந்தது. வண்டி முந்நூறு கஜம் போய் நின்றது. முனியாண்டி பையை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாக ஓடி, எஞ்சினில் ஏறிக் கையோடு கொடுத்துவிட்டு வந்தார். பதினோரு நிமிடத் தாமதம்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: “படம் விழுந்துச்சாய்யா?”

பிறகு அவர் செய்த காரியத்தை நன்றாகக் கவனியுங்கள். வளையத்தின் இணைப்புக் கட்டு அவிழ்ந்து பிரம்பு நீண்டு கிடந்தது. ஐந்தே கால் வண்டிக்கு அது வேண்டும். அதனால் அறைக்குள் போய்க் கம்பி எடுத்து வந்து, பிரம்பை வளைத்துச் சுற்றிக் கட்டி, இழுத்துப் பார்த்து, மாட்டி வைத்தார். இருபது நிமிடத்தில் வளையம் முன்னைவிட உறுதி. தம் பக்கத்து நியாயத்துக்கு இருந்த ஒரே சான்றைத் தம் கையாலேயே செப்பனிட்டுவிட்டார். அந்த நேரத்தில் அவருக்கும் தோன்றவில்லை. படித்தவனான எனக்கும் தோன்றவில்லை.

மாணிக்கத்தைக் கேட்டேன். “நான் எதையும் பாக்கல மாமா. விசில் சத்தத்துல ரெண்டு கண்ணையும் மூடிட்டேன்,” என்றார். உண்மையைச் சொன்னதற்காக அவருக்கும் என் நன்றி. அவர் விருந்தாளிகளோடு ஆறு பேராக நெருக்கியடித்து, 7.20க்கு வீடு வந்து சேர்ந்தேன்.

புதன்கிழமை குளியலறையில் பிலிமைக் கழுவினேன். எட்டாவது படம். நெகட்டிவ் அளவிலேயே அச்சிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். பயர்மேனின் விரிந்த ஐந்து விரல்கள். முனியாண்டியின் உயர்ந்த கை. அதன் விரல்களும் விரிந்திருந்தன, அப்போதுதான் விட்டிருந்தார். இருவர் கைக்கும் நடுவே, எவரையும் தொடாமல், வளையம் காற்றில் நின்றது. அது வளையமாக இல்லை. கட்டு அவிழ்ந்து, பிரம்பின் ஒரு முனை வானத்தை நோக்கித் தெறித்திருந்தது. அதிலிருந்து கழன்ற பை கீழே விழும் வழியில் இருந்தது. இருவரும் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள், பிரம்பு அவிழ்ந்துவிட்டது. கண்ணால் பார்க்க முடியாத ஒன்று, மழை விட்டதாலும், பேருந்து போய்விட்டதாலும், ஒருவர் ‘அங்க நிக்காதீங்க’ என்று சொன்னதாலும் என் பிலிமில் விழுந்திருந்தது. ஆயுளில் இன்னொரு முறை விழாது. இரண்டு அச்சுகள் போட்டேன். ஒன்றை நன்றி எழுதி முனியாண்டிக்குத் தபாலில் அனுப்பினேன். மற்றது என்னிடம் இருக்கிறது.

நெகட்டிவைச் சங்கத்துக்குக் கொடுத்தேன். மே 10ஆம் நாள், பெண்டஹாரா சாலையில் துணிக்கடை ஒன்றின் மாடியிலுள்ள சங்க அறையில் கண்காட்சி திறந்தது. சுவரில் என் படம், இரண்டடிக்கு இரண்டடி. எஞ்சினும், வெறும் கையை நீட்டிய பயர்மேனும். முனியாண்டி இல்லை. வளையமும் இல்லை. கீழே ‘வராத வளையம்’.

 இது ரசனையைப் பற்றிய தகராறு, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று எண்ணினேன். கைதட்டினார்கள். போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

அன்று அந்தச் சுவரின் முன்னே நின்றவர்களில் ரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவரும் இருந்தார். நாள், நேரம், நிலையம் எல்லாம் படத்தின் கீழே அச்சிடப்பட்டிருந்தன. பதினோரு நிமிடத் தாமதம் அவர் ஏட்டில் இருந்தது. பயர்மேன் அன்றே நேர்மையாகச் சொல்லியிருந்தார்: “கையை நீட்டினேன், ஒன்றும் வரவில்லை.” படமும் அதையே சொன்னது. பணியிடத்தில் வளையத்தோடு நிற்கவில்லை என்று முனியாண்டி மீது குற்றச்சாட்டு. மே 20ஆம் நாள் கடிதம் போனது. அந்த உத்தியோகஸ்தர் மேல் எனக்குக் கோபமில்லை. தம் கண் முன் மாட்டியதைத்தான் அவர் பார்த்தார்.

மே 25, ஞாயிறு. முனியாண்டி முப்பத்து மூன்று மைல் பயணம் செய்து காஜா பெராங்குக்கு வந்தார். மாணிக்கம்தான் வீடு காட்டி அழைத்து வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, மெதுவாகக் கேட்டார்:

“ஐயா, உங்க படத்துல நான் இல்லையாமே?”

“இருக்கிறீர்கள். உங்களுக்கு அனுப்பினேனே.”

“அதத்தான்யா கொண்டுபோய்க் காட்டுனேன். அது சின்னது, செவுத்துல இருக்கிறது பெருசு, ரெண்டும் வேற வேறயா இருக்குன்னு சொல்றாங்க. எது நெசம்னு என்னையே கேக்குறாங்க.”

மாணிக்கம் வாசலில் நின்று மலாயில் ஒரு வசவு விட்டார். அதைத் தமிழாக்க மாட்டேன்.

“வேல போனா வீடும் போயிரும்யா,” என்றார் முனியாண்டி. “அது இல்ல எனக்கு. நிக்கலன்னு எழுதிட்டாங்களே. நான் நின்னேன்ல?”

அன்று மாலையே தெங்கேராவில் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்லர். எலுமிச்சைச் சாறு கொடுத்தார்.

“அதுவா சார்! நம்ம பெரிதாக்குற கருவியில சதுர நெகட்டிவ்தானே நுழையும், உங்களுது நீளம். மேலும் இடது பக்கம் ஒரே கூட்டம். கண்ணு எஞ்சின்ல நிக்கவே இல்ல. மே மூணாந்தேதி உக்காந்து மூணுல ஒரு பங்க எடுத்தேன், படம் எழுந்து நின்னுச்சு பாருங்க!”

“என்ன கூட்டம்?”

“அந்த ஆளு, அந்தக் குச்சி, எல்லாந்தான்.”

“வெட்டிய துண்டு எங்கே?”

“கவர்ல போட்டேனா, குப்பைல போட்டேனா... பாக்கணும் சார்.”

“வெட்டியதை எழுதிக் கொடுங்கள். அது போதும்.”

அவர் முகம் மாறியது. “சிங்கப்பூர் போட்டிக்கு இந்தப் படத்தத்தான் அனுப்புறோம். வெட்டுன நெகட்டிவ்னு எழுத்துல இருந்தா திருப்பிருவாங்க. கமிட்டியக் கேக்காம நான் எப்படி சார்...”

மறுநாள் முதல் பதிவுத் தபால். ஜூன் 2ஆம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரியைப் பார்த்தேன். மரியாதையாகப் பேசினார். சங்கம் பொதுமக்களுக்குக் காட்டிய படம் ஒன்று, நான் கொடுக்கும் அச்சு வேறொன்று. என் சொல்லை மட்டும் நம்பி ஒன்றைத் தள்ள முடியாது என்றார். முழு நெகட்டிவ் வேண்டும். அல்லது, வெட்டப்பட்டது என்று சங்கமே எழுதிய கடிதம் வேண்டும். விசாரணை ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. ஒரு கணிதக்காரன் என்ற முறையில் அவர் கேட்டதில் எனக்குப் பிழை தெரியவில்லை. ஜூன் 9ஆம் நாள் இரண்டாவது தபாலில் இதை விளக்கமாக எழுதினேன். பதில் இல்லை.

இனி, அப்பாதையில் படமெடுக்கப் போகும் அன்பர்களுக்குச் சில சொற்கள். மலாக்காவிலிருந்து தம்பினுக்கு ஏழேகால் பேருந்து வசதியானது; திரும்பி வரக் கடைசிப் பேருந்தை நம்பாதீர்கள், டாக்சிக்காரர் ஒருவரை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதத்தில் பிற்பகல் மழைக்குப் பிந்தைய அரை மணி நேரத்துக்கு ஈடான ஒளி கிடையாது. குடையும், கேமராவுக்கு எண்ணெய்த்துணியும் வேண்டும். மஞ்சள் வடிகட்டி அவசியம் என்று நினைத்தேன். எட்டாவது படத்தில் அதை மாட்டவில்லை. ஒரு படத்தையாவது கடைசி வரை மிச்சம் வையுங்கள். எங்கே நிற்பது என்று அங்கே வேலை செய்கிறவரைக் கேளுங்கள். கேட்டபின் அவர் பெயரையும் கேட்டு அச்சின் பின்புறம் எழுதுங்கள். நெகட்டிவை எவரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முழு அச்சு ஒன்றில் வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நல்ல ரயில் படம் அதிர்ஷ்டம் என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். சரிதான். ஆனால் அன்று என் அதிர்ஷ்டத்தில் ஒரு பெரும் பகுதி, காக்கிச் சட்டை போட்டு, ஒரு காலை முன்வைத்து, சரியான இடத்தில் நின்றது. அந்த நன்றிக்கடனைத் தீர்க்க எனக்கு வேறு வழி இல்லை.

ஆகவே, செயற்குழுவினர் ஒன்பது பேருக்கும்: கோப்பையை நாளைக் காலை சங்க மாடிப்படியின் அருகில் இருக்கும் துணிக்கடையில் உங்கள் பெயருக்குக் கொடுத்துவிடுகிறேன். பரிசு வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். சிங்கப்பூருக்கு எதை வேண்டுமானாலும் அனுப்புங்கள். வெட்டிய துண்டு இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். எப்படியாயினும் இந்த ஒரு வாக்கியம் எழுத்தில், தலைவர், செயலாளர் இருவர் கையெழுத்துடன் வேண்டும்: ‘1958 மார்ச் 9 அன்று எடுக்கப்பட்ட இப்படத்தின் இடப்பக்கத்தை நாங்கள் வெட்டினோம், வெட்டிய பகுதியில் பாயிண்ட்ஸ்மேன் முனியாண்டி, வளையத்தை உயர்த்திய கையுடன் நின்றார்.’ விசாரணைக்கு ஆங்கிலத்தில் ஒரு பிரதி, அவருக்குத் தமிழில் ஒரு பிரதி. உறையின் மேல் என் பெயரை எழுத வேண்டாம். அவர் பெயரை எழுதுங்கள். வீட்டில் மனைவி மக்கள் முன்னிலையில் அவரே பிரிக்கட்டும்.

1958 ஜூன் 28, சனிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணிக்குள்.